நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு மணி பார்ப்பவர் தேவை: அல்டிமேட் போட்டி நடத்தும் முறை

டிஸ்க் என்னும் வட்டத் தட்டை ஒருவருக்கொருவர் வீசி ஆடும் அல்டிமேட் பிரிஸ்பீயில் நடுவர் கிடையாது. ஃபவுல் ஆனதா, டிஸ்க் கோட்டுக்கு உள்ளே பிடிபட்டதா என்பதையெல்லாம் ஆடுபவர்களே பேசி முடித்துக்கொள்கிறார்கள். அதனால் போட்டி நடத்துபவர் கையில் இருப்பவை மூன்றே: நேரம், மைதானம், முன்கூட்டி எழுதிக் கொடுத்த விதி. இவை ஒழுங்காக இருந்தால் ஆட்டம் தானாக ஓடும். ஓட்டை இருந்தால் ஆளுக்கொரு நியாயத்தோடு இரண்டு கேப்டன்கள் உங்கள் மேசை முன் வந்து நிற்பார்கள். அப்போது எடுத்துக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இங்கே சொல்வது புல்தரையில் ஏழு பேர் ஆடும் போட்டிக்கு: 8 அணிகள், 2 மைதானங்கள், 2 நாட்கள். சம்பளம் வாங்காத பத்துப் பன்னிரண்டு பேர் திணறாமல் நடத்தக்கூடிய அளவு இதுதான். அடிப்படை விதிகளுக்கு உலகக் கூட்டமைப்பான டபிள்யூ.எஃப்.டி.எஃப். விதிப்புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறீர்களோ அதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, குறைந்தது இரண்டு வாரம் முன்பே கேப்டன்களுக்கு அனுப்புங்கள்.

இடத்தை அளந்துவிட்டுத் தேதி சொல்லுங்கள்

ஒரு முழு மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனையிலும் 18 மீட்டர் எண்ட் சோன், அதாவது டிஸ்க்கைப் பிடித்தால் கோல் ஆகும் பகுதி. நடுவே 64 மீட்டர். கோட்டுக்கு வெளியே சுற்றிலும் 3 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு மைதானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நடுவில் 8 மீட்டர் விடுங்கள். இரு அணிகளின் பைகளும், உட்கார்ந்திருப்பவர்களும், எல்லைக்கு வெளியே தாவி விழுபவர்களும் அந்த இடைவெளியில்தான் சந்திக்கிறார்கள். ஆக, 88 மீட்டர் அகலமும் 106 மீட்டர் நீளமும் வேண்டும்.

"ஒரு ஃபுட்பால் கிரவுண்டில் ரெண்டு போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். 105-க்கு 68 மீட்டர் கிரவுண்டில் 37 மீட்டர் அகலத்தில் இரண்டு அடங்காது. 74 மீட்டர் ஆகிவிடும். அகலத்தை 30 மீட்டராகச் சுருக்கினால் இரண்டும் அடங்கும், நடுவில் 8 மீட்டரும் மிஞ்சும். சுருக்குவதில் தவறில்லை. சொல்லாமல் சுருக்குவதுதான் தவறு. குறுகிய மைதானத்தில் சோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் இல்லாமல் இடத்தைக் காப்பது) ஆடும் அணிக்குக் கை ஓங்கும்; எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முடிந்தவரை மைதானத்தை வடக்கு தெற்காகப் போடுங்கள். கிழக்கு மேற்காகப் போட்டால் காலையிலும் சாயங்காலத்திலும் ஒரு அணி சூரியனைப் பார்த்தே டிஸ்க்கைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அட்டவணை: இரண்டு பூலை மாற்றி மாற்றி இறக்குங்கள்

எட்டு அணிகளைத் தர வரிசைப்படி பாம்பு நெளிவது போல இரண்டு பூலாக, அதாவது குழுவாகப் பிரியுங்கள். 1, 4, 5, 8 ஏ பூலில். 2, 3, 6, 7 பி பூலில். ஒவ்வொரு பூலிலும் 6 ஆட்டம், மொத்தம் 12. ஒரு ஸ்லாட்டுக்கு 90 நிமிடம், ஒரு நாளுக்கு 6 ஸ்லாட், 2 மைதானம். முதல் நாள் கணக்கு சரியாக 12-க்கு வந்து நிற்கும்.

புதிதாக நடத்துபவர்கள் ஏ பூலை முதல் மைதானத்திலும் பி பூலை இரண்டாம் மைதானத்திலும் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் எந்த வரிசையில் அடுக்கினாலும் யாராவது இரண்டு ஆட்டம் இடைவெளியின்றி ஆட நேரும். அதற்குப் பதில் ஒரு ஸ்லாட்டில் இரண்டு மைதானத்தையும் ஏ பூலுக்கே கொடுங்கள், அடுத்த ஸ்லாட்டில் பி பூலுக்கு. ஏ பூல் 7:00, 10:00, 1:00; பி பூல் 8:30, 11:30, 2:30. யாருக்கும் தொடர் ஆட்டம் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: ஓய்வில் இருக்கும் நான்கு அணிகளும் ஆளுக்கு ஒருவரை அனுப்பினால் மைதானத்துக்கு இரண்டு பேர் கிடைக்கிறார்கள், ஒருவர் ஸ்கோர் எழுத, ஒருவர் நேரம் பார்க்க. தன்னார்வலர் பற்றாக்குறை பாதி இங்கேயே தீர்ந்துவிடும். ஏ பூல் வெயில் உச்சத்தில் ஆடும் என்பது மட்டும் குறை.

பூலுக்குள் முதல் சுற்றில் 1–3, 2–4. இரண்டாவதில் 1–4, 2–3. கடைசியில் 1–2, 3–4. முதலிடத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் கடைசிவரை காத்திருப்பதால் மத்தியானத்தில் யாரும் சோர்ந்து போவதில்லை.

இரண்டாம் நாள் காலிறுதி. முதல் ஸ்லாட்டில் ஏ1–பி4, பி2–ஏ3 (ஏ1 என்றால் ஏ பூலில் முதலிடம்). இரண்டாவதில் பி1–ஏ4, ஏ2–பி3. இந்தச் சேர்க்கையை மாற்றாதீர்கள். ஒரே அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளும் ஒரே ஸ்லாட்டில் ஆடுவதால் அரையிறுதிக்கு வரும்போது இருவரும் சமமாக ஓய்வெடுத்திருப்பார்கள். மூன்றாம் ஸ்லாட்டில், முதல் ஸ்லாட்டில் வென்ற இருவரின் அரையிறுதியும் தோற்ற இருவரின் ஆட்டமும். நான்காவதில் இரண்டாம் ஸ்லாட் அணிகளுக்கு அதே மாதிரி. இதற்குப் பிறகு 30 நிமிடம் இடைவெளி விடுங்கள், ஏனென்றால் ஐந்தாம் ஸ்லாட்டில் ஆடும் எந்த ஆட்டத்திலும் நான்காம் ஸ்லாட்டை முடித்துவிட்டு வரும் அணி ஒன்று இருக்கும். அந்த அரைமணியில்தான் அதுவரை சேர்ந்த தாமதத்தையும் கரைப்பீர்கள். 1:30-க்கு ஐந்தாம் இடம், ஏழாம் இடம். 3:00 மணிக்கு இறுதியும் மூன்றாம் இடமும். எல்லோரும் இறுதியைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்றாம் இட ஆட்டத்தை விட்டுவிடுங்கள். அரையிறுதியில் தோற்ற அணிகள் அதற்காக அவ்வளவு வருத்தப்படுவதில்லை.

முந்தின நாள் ராத்திரி ஒரு அணி "வரலை" என்று செய்தி அனுப்பும். ஏழு அணி அட்டவணையையும் சேர்த்தே தயாரித்து வையுங்கள்: ஒரு பூலில் நான்கு, இன்னொன்றில் மூன்று, நான்கு அணி பூலின் முதலிடத்துக்குக் காலிறுதியில் பை, அதாவது ஆடாமலே அரையிறுதி.

ஹார்ன் அடித்தால் என்ன ஆகும்?

டபிள்யூ.எஃப்.டி.எஃப். வழக்கப்படி ஆட்டம் 15 புள்ளி வரை, 100 நிமிட டைம் கேப், அதாவது ஹார்ன் அடித்து அறிவிக்கும் நேர வரம்பு. 90 நிமிட ஸ்லாட்டில் அது நடக்காது. 13 புள்ளி, 7-இல் இடைவேளை, 70-ஆவது நிமிடம் டைம் கேப் என்று வையுங்கள். டைம் அவுட்டைப் பூல் ஆட்டங்களில் அணிக்கு ஒன்றாகக் குறைக்கலாம். கேப் அடித்த பிறகு டைம் அவுட் கிடையாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

கேப் அடித்ததும் ஓடிக்கொண்டிருக்கும் புள்ளியை, அதாவது அடுத்த கோல் விழும்வரையான ஆட்டத்தை, முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அதிக ஸ்கோர் எதுவோ அதோடு 1 சேர்த்தால் புதிய இலக்கு. 10–9 இருக்கும்போது ஹார்ன், பின்தங்கிய அணி அடித்து 10–10, இலக்கு 11, அடுத்த புள்ளி யாருக்கோ அவர்களுக்கே வெற்றி. அதே 10–9-இல் முன்னணி அணி அடித்து 11–9 ஆனால் இலக்கு 12. அப்போது 11–11 வரை போகவும் வழியுண்டு. 90 நிமிட ஸ்லாட் இதைத் தாங்காது. ஆகவே 80-ஆவது நிமிடத்தில் இரண்டாவது ஹார்ன்: அந்தப் புள்ளியோடு ஆட்டம் முடிந்தது, சமமாக இருந்தால் மட்டும் இன்னும் ஒரு புள்ளி.

அதிகமாக வாக்குவாதம் வருவது, ஒரு அணி கோல் அடித்து அடுத்த புள்ளியின் தொடக்க வீச்சுக்கு இன்னும் வரிசை கட்டாத நேரத்தில் ஹார்ன் அடித்தால்தான். விதிப்படி கோல் விழுந்த நொடியிலேயே அடுத்த புள்ளி தொடங்கிவிடுகிறது. ஆகவே அந்தப் புள்ளியை ஆடி முடித்த பிறகே இலக்கைக் கணக்கிட வேண்டும். கேப்டன்களுக்கு அனுப்பும் பக்கத்தில் இந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கடிகாரம் ஒன்றே ஒன்று, அது மேசையில். எல்லா ஆட்டமும் ஒரே ஹார்னில் தொடங்கும், அணி தயாரோ இல்லையோ. தாமதத்துக்கு 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளி, 15 நிமிடத்தில் வாக் ஓவர் (எதிரணிக்கு ஆடாமலே வெற்றி) என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். கேஸ் ஹார்ன் இரண்டாம் நாள் மத்தியானம் காலியாகிவிடும். மாற்று டப்பா ஒன்று இருக்கட்டும். காற்றடிக்கும் நாளில் ஹார்ன் அடித்த அதே நேரத்தில் மேசையிலிருந்து ஒருவர் இரு கையையும் தூக்கிக் காட்டினால், தூர மைதானத்தில் நேரம் பார்ப்பவர் தன் பக்கம் கத்திச் சொல்லிவிடுவார்.

மூன்று அணிகள் சமமாக வந்தால்

நான்கு அணி பூலில் இது அபூர்வமே இல்லை. மூன்று அணிகள் ஆளுக்கு இரண்டு வெற்றி, நான்காவது எல்லாவற்றிலும் தோல்வி. டபிள்யூ.எஃப்.டி.எஃப். வரிசைப்படி முதலில் சமமான அணிகளுக்குள் நடந்த ஆட்டங்களின் வெற்றி, பிறகு அதே ஆட்டங்களின் கோல் வித்தியாசம், அதற்குப் பிறகுதான் பொது எதிரணிகளோடு ஆடியவற்றின் வித்தியாசம். ஒரு படியில் சிலர் பிரிந்துவிட்டால், மிச்சம் இருப்பவர்களுக்கு மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பலர் தவறு செய்வது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவப்பு நீலத்தை 13–10 வென்றது. நீலம் பச்சையை 12–11. பச்சை சிவப்பை 11–9. மூவருக்குள்ளான வித்தியாசம்: சிவப்புக்கு +3, –2, ஆக +1. நீலத்துக்கு –3, +1, ஆக –2. பச்சைக்கு –1, +2, ஆக +1. நீலம் மூன்றாவது. சிவப்பும் பச்சையும் இன்னும் சமம். இப்போது முதல் படிக்குத் திரும்பினால் பச்சை சிவப்பை வென்றிருக்கிறது. பச்சை முதலிடம், சிவப்பு இரண்டாமிடம். நேராக மொத்தக் கோல் வித்தியாசத்துக்குப் போயிருந்தால், பலவீனமான நான்காவது அணியை யார் அதிகம் அடித்து நொறுக்கினார்கள் என்பதே முதலிடத்தை முடிவு செய்திருக்கும்.

நடுவில் ஒரு அணி விலகினால் அதன் ஆட்டங்கள் அனைத்தையும் பூல் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. 13–0 வாக் ஓவர்களை உள்ளே விட்டால் வித்தியாசம் கெட்டுப்போகும்.

கோடு போடும் வேலை

முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள். நான்கு பேர், 100 மீட்டர் டேப், கயிறு இருந்தால் ஒரு மைதானத்தை அளந்துவிடலாம். நடுப்பகுதியின் ஒரு மூலையில் தொடங்கி 37 மீட்டர், அங்கிருந்து 64 மீட்டர். செங்கோணம் சரியா என்று கண்ணால் பார்க்காதீர்கள்; மூலைவிட்டத்தை அளங்கள். நடுப்பகுதிக்கு, அதாவது 64-க்கு 37-க்கு, 73.9 மீட்டர் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் அந்த அளவுக்கு வந்துவிட்டால் அதற்கு இரு பக்கமும் 18 மீட்டர் நீட்டினால் போதும். முழு மைதானத்தின் மூலைவிட்டம் 106.6 மீட்டர், 100 மீட்டர் டேப்பால் அதை அளக்க முடியாது என்பதால்தான் நடுவிலிருந்து தொடங்குவது வசதி. கோட்டின் மொத்த நீளம் ஒரு மைதானத்துக்கு 348 மீட்டர். மூலைகளில் 8 கோன்; கோல் கோட்டிலிருந்து 18 மீட்டர் உள்ளே, நடுவில், பக்கத்துக்கு ஒரு பிரிக் குறி (தொடக்க வீச்சு எல்லைக்கு வெளியே போனால் ஆட்டம் தொடங்கும் இடம்).

வெள்ளைப் பொடி வாங்கும்போது சாக்பீஸ் மாவு வகையா, சுட்ட சுண்ணாம்பா என்று கேட்டு வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்பு ஈரத்தில் வெந்து தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். இந்த ஆட்டத்தில் கோட்டின் மேல் முகம் பட விழுபவர்கள் நிறைய. கயிறு கட்டினால் ஆணியின் தலை மண்ணுக்குள் இறங்கும்வரை அடியுங்கள்.

காலை முதல் வேலை: ஆறேழு பேர் கைநீள இடைவெளியில் வரிசையாக நின்று மைதானத்தை ஒரு முறை நடந்து கடப்பது. கண்ணாடித் துண்டு, குழி, தண்ணீர் தெளிக்கும் குழாயின் தலை, எல்லாம் நடந்தால்தான் தெரியும்.

ஆட்கள்

போட்டிப் பொறுப்பாளர் ஒருவர். அவர் எந்த அணியிலும் ஆடக் கூடாது, எந்த வேலையும் தன் பேரில் எழுதிக்கொள்ளவும் கூடாது. தண்ணீர் கேன் தூக்கப் போனவரைத் தேடி ஆட்கள் ஓடுவதுதான் பெரும்பாலான போட்டிகளில் நடக்கிறது. மேசையில் இரண்டு பேர், இரு மைதானங்களுக்கும் சேர்த்து இரண்டு, தண்ணீருக்கு இரண்டு, ஸ்பிரிட்டுக்கு (நியாயமாக ஆடும் பண்புக்கான மதிப்பெண்) ஒருவர், முதலுதவி தெரிந்த ஒருவர், மிச்சத்துக்கு இரண்டு: மொத்தம் 11. ஒவ்வொருவருக்கும் அரை நாளுக்கு மேல் ஒரே வேலையைக் கொடுக்காதீர்கள். சம்பளமில்லாத வேலையில் சலிப்பு வந்தால் ஆள் சொல்லாமல் காணாமல் போவார்.

ஸ்கோரை மேசைக்குச் சொல்ல வேண்டியது வென்ற அணியின் பொறுப்பு. தோற்றவர்களிடம் விட்டால் வராது. இரு கேப்டன்களின் கையெழுத்தோடு தாள் வந்ததும் எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய சார்ட்டில் எழுதுங்கள். தப்பு இருந்தால் பத்து நிமிடத்தில் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள்.

ஸ்பிரிட் தாள்

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணி ஆடிய பண்புக்கு மதிப்பெண் போடும் தாள் இது. ஐந்து தலைப்பு: விதி தெரிந்திருத்தலும் பயன்படுத்துதலும், ஃபவுலும் உடல் உரசலும், நியாய மனம், நல்ல மனப்பாங்கும் தன்னடக்கமும், பேச்சுப் பரிமாற்றம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. இயல்பான ஆட்டத்துக்கு 2 வீதம் மொத்தம் 10. இதைக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பள்ளித் தேர்வு மார்க் என்று நினைத்து, 10 வாங்கிய அணி தன்னை யாரோ பாதிக்குப் பாதி குறைத்துவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும்.

0 அல்லது 4 போட்டால் காரணம் ஒரு வரி எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். தாளை அடுத்த ஆட்டத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். நாள் முடிவில் கேட்டால் மூன்று ஆட்டத்துக்கும் ஒரே எண்ணை எழுதிக் கொடுப்பார்கள். ஒரு அணிக்கு ஒரு தலைப்பில் 0 வந்தால் ஸ்பிரிட் பொறுப்பாளர் அந்த இரு அணிகளின் ஸ்பிரிட் கேப்டன்களையும் அன்றைக்கே உட்கார வைத்துப் பேச வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் தோள் சேர்த்து நிற்கும் ஸ்பிரிட் சர்க்கிளை மைதானத்துக்கு வெளியே நடத்தச் சொல்லுங்கள். உள்ளே நின்றால் அடுத்த ஆட்டம் அங்கேயே ஐந்து நிமிடம் தள்ளிப்போகும்.

மிக்ஸ்ட் பிரிவு என்றால் ஆண் பெண் எண்ணிக்கை விகிதத்தை யார் தீர்மானிப்பது என்றும் எழுதுங்கள். டாஸில் முதல் புள்ளிக்கு ஒரு விகிதம், அதன் பிறகு இரண்டு புள்ளிக்கு ஒரு முறை மாறும் முறைதான் எளிது. ஸ்கோர் தாளில் புள்ளி எண்ணுக்கு நேரே விகிதத்தை முன்பே அச்சிட்டுவிட்டால் யாரும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

தண்ணீர், காயம், இடி

அணிக்கு 18 பேர் என்றால் 144. உங்கள் ஆட்களோடு சுமார் 155. வெயில் நாளில் தலைக்கு 4 லிட்டர் என்றால் 620 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 31. இது ஒரு நாளுக்கு. பாதியைக் காலையிலும் பாதியை 11 மணிக்கு முன்பும் வரவழையுங்கள். காயத்துக்கு வைக்கும் ஐஸ் தனிப் பெட்டியில், மேலே எழுதி ஒட்டி இருக்கட்டும். இல்லாவிட்டால் குடிக்கப் போய்விடும்.

கணுக்கால் பிசகுவதும் முழங்கால் திருகுவதும் வாடிக்கை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் இருந்தாலே அன்றைக்கு அவர் ஆடக் கூடாது. "நல்லாத்தான் இருக்கேன்" என்பதைக் கேட்காதீர்கள். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே குளிர்ந்த நீரால் உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். இடி கேட்டால் எல்லா மைதானமும் நிற்கும். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி. நின்ற ஆட்டத்தில் இடைவேளை தாண்டியிருந்தால் அப்போதைய ஸ்கோரே முடிவு என்று முன்பே எழுதியிருந்தால் மழையில் நனைந்துகொண்டு வாதாட வேண்டாம். நேரம் போதாதென்றால் ஏழாம் இட ஆட்டத்தை முதலில் வெட்டுங்கள், பிறகு ஐந்தாம் இடம்.

பணம்

மைதான வாடகை, ஆம்புலன்ஸ், கழிப்பறை, ஒலிபெருக்கி ஆகியவை எத்தனை அணி வந்தாலும் மாறாத செலவு. இதை 8-ஆல் வகுக்காமல் 7-ஆல் வகுத்து அணிக் கட்டணம் வையுங்கள். ஒரு அணி கைவிட்டாலும் கையைக் கடிக்காது. தண்ணீர், சாப்பாடு, சட்டை தலைக்கு ஏறுபவை. பணம் வந்த தலைகளுக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள். பதிவின் கடைசி நாளுக்குப் பிறகு பின்வாங்கினால் அணிக் கட்டணம் திரும்பாது, தலைக் கட்டணம் திரும்பும் என்று பிரித்து வைத்தால் பெரும்பாலும் சண்டை வராது. பதிவுப் படிவத்தோடு, பொறுப்பேற்புக் கையெழுத்தும் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வந்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும்.

கேப்டன்கள் கூட்டம் முதல் நாள் காலை 6:30-க்கு, பத்து நிமிடம். அணிக்கு இரண்டு பேர், கேப்டனும் ஸ்பிரிட் கேப்டனும். கேப் விதி, இடி விதி, ஸ்கோர் தாள், ஸ்பிரிட் தாள், முதலுதவி எங்கே, ஓய்வு நேரத்தில் எந்த அணி எந்த மைதானத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். வேறெதையும் பேசாதீர்கள். பி பூல் கேப்டன்கள் 8:30-க்குத்தானே ஆட்டம் என்று வராமல் இருப்பார்கள். ஆனால் 7 மணி ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுத வேண்டியவர்கள் அவர்கள் அணியினர்தான். ஆகவே அழைப்பிதழில் வருகை நேரம் எட்டு அணிகளுக்கும் 6:30 என்றே போடுங்கள்.